ஏறி வருகிறவனுக்கு வழி

அவரோடு மலை இறங்கினால் சொன்ன நேரத்துக்குச் சேலம் போய்ச் சேர முடியாது. ஓட்டத் தெரியாதவர் என்று நினைத்துவிடாதீர்கள். சேர்வராயன் மலையில் அவரைவிடச் சுத்தமாக ஸ்டியரிங் பிடித்த ஆளை நான் இன்றுவரை பார்க்கவில்லை. ஆனால் கீழேயிருந்து ஒரு வண்டி ஏறி வருவது தெரிந்துவிட்டால் போதும், இடம் பார்த்து ஓரம் கட்டி நின்றுவிடுவார். பஸ்ஸுக்கு நிற்பார், லாரிக்கு நிற்பார், அது சரி. மொபெட்டுக்கும் நிற்பார். இரண்டு வளைவுக்குக் கீழே சத்தம் மட்டும் கேட்டாலும் நிற்பார். நின்றதோடு விடமாட்டார். ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, கல்யாண வீட்டு வாசலில் நிற்பவர் மாதிரி "வாங்க, வாங்க" என்று வரவேற்பு வேறு.

மலைப்பாதையில் அதுதான் முறை. ஏறுகிற வண்டிக்கு முன்னுரிமை என்று போர்டே இருக்கிறது. சனி ஞாயிறு வருகிற வெளியூர்க் கார்க்காரர்கள் அதைப் படிப்பதில்லை. உள்ளூர்க்காரர்கள் நாங்கள் படித்துவிட்டுக் கண்டுகொள்வதில்லை. இவர் ஒருவர்தான் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டவர்.

"ஏனுங்க, அவன் இன்னும் எங்கியோ கீழ கெடக்கறான். நாம போயிரலாமே" என்று பக்கத்தில் உட்கார்ந்து நான் எத்தனையோ தடவை பல்லைக் கடித்திருக்கிறேன்.

"ஏறி வாரவன் பாவமுங்க. நடுவுல நின்னுட்டான்னா மறுக்கா கெளப்பறதுக்குள்ள கிளச்சு தீஞ்சிரும். எறங்கறவனுக்கு என்னங்க, பிரேக்க எடுத்தா தானா உருளும்."

இதற்கு மேல் பேச முடியாது. பேசினால் சிரிப்பார்.

மலையில் வெள்ளக்கடை என்கிற ஊர்க்காரர். அந்தப் பக்கத்துக் காப்பி எஸ்டேட் ஒன்றில் பிக்கப் வேன் டிரைவர். எனக்கு ஏற்காடு ஒண்டிக்கடைச் சந்திப்பில் மெக்கானிக் ஷாப். எஸ்டேட் வண்டிகள் சர்வீசுக்கு என்னிடம்தான் வரும், அப்படிப் பழக்கம். வயது எங்கள் இருவருக்கும் ஏறக்குறைய ஒன்று. இந்த மனுஷனைத்தான் நான் தேசிய அளவிலான கார் பந்தயத்தில் கொண்டுபோய் உட்கார வைத்தேன். என் புத்தியை என்னவென்று சொல்ல.

அந்த நாளில் தேசியப் பந்தயங்களில் அமெச்சூர்களுக்கென்று ஒற்றை இருக்கைக் கார்களின் வகுப்பு ஒன்று இருந்தது. இரும்புக் குழாய்ச் சட்டம், முழங்கால் உயரம், பின்னால் ஒரு சின்னக் குடும்பக் காரின் இன்ஜின். எல்லாருக்கும் அதே இன்ஜின், அதே டயர். யாரும் உள்ளே கை வைக்காமல் இருக்க இன்ஜினுக்கு ஈய முத்திரை வைத்திருப்பார்கள். பந்தயம் ஓட்டிச் சம்பாதிக்கிறவர்களுக்கு இடம் கிடையாது. ஜெயித்தால் கப்பு, அவ்வளவுதான். டாக்டர்கள் வந்தார்கள், மில் முதலாளிகளின் மருமகன்கள் வந்தார்கள், நாமக்கல்லிலிருந்து ஒரு கோழிப்பண்ணைக்காரர் வந்தார். ஆரம்பத்தில் அவரவரே வெல்டிங் வைத்த வண்டிகள். பாதிக்குப் பாதி நடுவழியில் படுத்துவிடும். பெரிய வகுப்புகளைச் சாயங்காலம் கூட்டம் சேர்ந்த பிறகு ஓட்டுவார்கள். எங்களைக் காலையில், பார்வையாளர் ஸ்டாண்டில் கூட்டிப் பெருக்கிக்கொண்டிருக்கும்போதே ஓட்டி அனுப்பிவிடுவார்கள். அந்த வகுப்பின் சரித்திரத்தை யாரும் எழுதி வைக்கவில்லை. எழுதுகிற அளவுக்கு அதில் ஒன்றுமில்லை என்று நினைத்திருப்பார்கள்.

எனக்கு அதுதான் உலகமாக இருந்தது. சேலத்து நகைக்கடைக்காரர் மகன் ஒருவன் வாங்கி, இரண்டு தடவை சுவரில் முட்டிப் பயந்துபோய் ஷெட்டில் போட்டிருந்த வண்டியை நான் எடுத்துச் சரிசெய்து ஓட்டினேன். நன்றாக ஓட்டவில்லை. உள்ளதைச் சொல்ல என்ன வெட்கம்? முதல் பத்துக்குள் ஒரு தடவைகூட வந்ததில்லை. அங்கே இருந்தவர்களுக்கு நான் போட்டியாளன் இல்லை, மெக்கானிக். "பதிமூணு நம்பர் ஸ்பேனர் இருக்கா?" என்று கேட்பதற்குத்தான் என் இடத்துக்கு வருவார்கள். அந்தக் கப்பு ஏற்காட்டுக்கு, என் ஷாப்புக்கு, என் மேசைக்கு வர வேண்டும். வந்தால் இந்த ஸ்பேனர் கேட்கும் ஆட்கள் என் பெயரைத் தெரிந்துகொள்வார்கள். இதை விட்டால் வேறு ஆசை இல்லை எனக்கு. ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு வருவதில்லை என்று என் மனைவி ஸ்டெல்லா மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டதுகூட என்னை அசைக்கவில்லை.

அவர் அப்போது என் பந்தய வண்டியை பிக்கப்பில் ஏற்றிக் கட்டி, கோயமுத்தூர்ப் பக்கத்து டிராக்குக்குக் கொண்டுவரும் ஆள், அவ்வளவுதான். எஸ்டேட்டில் லீவு போட்டுவிட்டு வருவார். ஒரு நாள் புதிதாக பிரேக் பேட் போட்டிருந்தேன். நாலு சுற்று மெதுவாக ஓட்டிப் பழக்க வேண்டும். எனக்கோ இடுப்பு பிடித்துக்கொண்டது. "நீங்க அந்த நாலு ரவுண்டு போயிட்டு வாங்க" என்றேன்.

ரப்பர் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, என் ஷூவை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். மூன்று சுற்று மெதுவாகப் போனார். நாலாவது சுற்றில் சும்மா ஸ்டாப்வாட்சை அமுக்கினேன். என்னைவிட இரண்டு நொடி குறைவு. வாட்ச் கெட்டுவிட்டது என்று நினைத்து, உதறி, மறுபடி அமுக்கினேன். இன்னும் கொஞ்சம் குறைந்தது. மோட்டார் பந்தயம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன், ஒரு சுற்றில் இரண்டு நொடி என்பது ஆளையே தலைகுனிய வைக்கிற தூரம்.

வண்டியிலிருந்து இறங்கியவர் முகத்தில் அப்படி ஓர் ஆச்சரியம்.

"என்னங்க இது! ஒரு வளைவுலகூட எதுத்தாப்புல வண்டி வரலீங்க! யாருக்கும் நிக்க வேண்டியதில்லீங்க! நொம்ப சுகமா இருக்குங்க."

அன்றே ஸ்டியரிங்கை அவரிடம் கொடுத்துவிட்டேன். வயிறு எரியத்தான் செய்தது. ஆனால் கப்பு முக்கியம். அன்றிலிருந்து அவர் என்னை "ஓனரு" என்று கூப்பிட ஆரம்பித்தார். பந்தய நாட்களில் அவருடைய ரப்பர் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு டிராக் ஓரத்தில் வண்டிகளைக் கவனிக்கும் பிட்டில் நிற்பதுதான் ஓனரின் வேலை.

முதல் பந்தயம். தகுதிச் சுற்றில் வண்டிகளை இடைவெளி விட்டுவிட்டு அனுப்புவார்கள். யார் குறைந்த நேரம் எடுக்கிறாரோ அவருக்கு முன்வரிசையில் முதல் இடம். அவருக்குத்தான் கிடைத்தது. ஏற்காட்டுக்கு போன் போட்டு ஸ்டெல்லாவிடம் கத்தினேன். மறுநாள் காலை கிளம்பச் சொல்லும் சிவப்பு விளக்கு அணைந்தது, வண்டிகள் பாய்ந்தன, முதல் வளைவு திரும்பி வெளியே வரும்போது அவர் ஐந்தாவது. வண்டியில் கோளாறு என்று நினைத்தேன். இல்லை. உள்பக்கமாக ஒருவர் மூக்கை நுழைத்தார். இவர் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து இடம் விட்டார். அடுத்தவர் நுழைந்தார். அவருக்கும் விட்டார். மூன்றாவது ஆளுக்கு விட்டபோது வண்டிக்குள்ளிருந்து ஒரு கை மேலே எழும்பியதை நான் என் கண்ணால் பார்த்தேன். "வாங்க, வாங்க!"

மைக்கில் வர்ணனை செய்தவருக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. "ஏற்காட்டுக்காரர் விருந்துக்குக் கூப்பிடறார்" என்றார். ஸ்டாண்டில் இருந்த நாற்பது பேரும் சிரித்தார்கள். நான் செருப்போடு நின்றுகொண்டிருந்தேன்.

"யோவ், என்னய்யா பண்ணினே?" என்று வண்டி நின்றதும் பாய்ந்தேன்.

"அவிய வந்துட்டாங்களேங்க. வந்தவியள என்ன பண்றது?"

"மூடணும்யா! அவன் நுழையற எடத்துல உன் வண்டி இருக்கணும்!"

"அப்ப அவிய எங்கீங்க போவாங்க?"

செருப்பை அவர் காலடியில் போட்டுவிட்டு, வண்டியைக் கட்டக் கயிறு எடுக்கப் போனேன்.

இன்னொரு தடவை சென்னைக்கு வெளியே உள்ள டிராக்கில் காலையிலேயே மழை. நாலடிக்கு அப்பால் தெரியவில்லை. அத்தனை பேரும் வழுக்கிப் புல்லுக்குப் போய்க்கொண்டிருக்க, மார்கழி மூடுபனியில் ஆட்களை ஏற்றி இறக்கிப் பழகிய இவர் மட்டும் தெருவில் நடந்து போகிறவர் மாதிரி போய்க்கொண்டிருந்தார். அரைச் சுற்று முன்னால். பக்கத்தில் யாரும் இல்லை, ஆகவே வழி விடவும் ஆள் இல்லை. கர்த்தரே, ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன். அப்போது அவருக்கு முன்னால் கோழிப்பண்ணைக்காரர் வந்து சேர்ந்தார், ஒரு முழுச் சுற்றுப் பின்தங்கிக் கடைசியில் ஊர்ந்துகொண்டிருந்தவர். தாண்டிப் போக வேண்டியதுதானே? வளைவில் முந்த மாட்டார் இவர். பின்னாலேயே போனார். ஒரு சுற்று, இரண்டு சுற்று. கோழிப்பண்ணைக்காரரே கையைக் காட்டிப் போகச் சொன்ன பிறகுதான் முந்தினார். அதற்குள் இரண்டு பேர் இவரைத் தாண்டிவிட்டார்கள். மூன்றாம் இடத்துக்கு ஒரு பிளாஸ்டிக் கேடயம் கொடுத்தார்கள். அதை அங்கேயே குப்பைத் தொட்டியில் போடப் போனேன். அவர் வாங்கி வேனில் வைத்துக்கொண்டார்.

கோயமுத்தூரிலிருந்து ஒரு பல் டாக்டர் வருவார், சிவப்புக் கார். அந்த வகுப்பில் கெட்டிக்காரர் அவர்தான். இவர் ஒவ்வொரு தடவையும் முதல் வரிசையில் நிற்பதைப் பார்த்து அவருக்குப் பொறுக்கவில்லை. எழுத்து மூலமாகப் புகார் கொடுத்தார்: வண்டி ஓட்டுவதையே தொழிலாகக் கொண்ட ஒருவர் எப்படி அமெச்சூர் ஆவார்? விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். போவதற்கு முன்னால் நான் பாடம் நடத்தினேன். "எஸ்டேட் ஊழியர்னு சொல்லுங்க. டிரைவர்னு வாயத் தொறந்துராதீங்க."

மூன்று அதிகாரிகள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் கேட்டார், "என்ன தொழில் பண்றீங்க?"

"டிரைவருங்க."

மேசைக்கு அடியில் அவர் காலை மிதித்தேன். திரும்பி என்னைப் பார்த்து, "இல்லாததச் சொன்னா நாளைக்கு அவியளே மலைக்கு வந்து பாத்துருவாங்கங்க" என்றார், எல்லாருக்கும் கேட்கும்படி.

"ரேஸ் ஓட்டறதுக்கு உங்களுக்குச் சம்பளம் உண்டா?"

"இல்லீங்க. ரேசுக்கு வந்தா எஸ்டேட்டுல சம்பளத்தப் புடிச்சுக்குவாங்க."

அதிகாரிகள் சிரித்துவிட்டார்கள். புகார் தள்ளுபடி. வெளியே வந்ததும் பல் டாக்டர் சங்கடத்தோடு கை கொடுத்தார். இவர் அந்தக் கையை விடாமல் பிடித்துக்கொண்டு, "டாக்டருங்க, எங்கூட்டுல அவளுக்குக் கடவாப்பல்லு வலிங்க, வீக்கம் வேற" என்று ஆரம்பித்தார். பத்து நிமிஷம் நின்று கேட்டு, மருந்து எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார் டாக்டர். நான் தூரத்தில் நின்று வெந்துகொண்டிருந்தேன். எதிரியை எதிரியாக வைத்துக்கொள்ளக்கூட விடமாட்டேன் என்கிறாரே!

அடுத்த வருஷம் ஒரு விசித்திரம் நடந்தது. மற்றவர்கள் முட்டிக்கொண்டார்கள், இன்ஜினைக் கொதிக்க விட்டார்கள், இரண்டு பேர் இன்ஜின் முத்திரை உடைந்து வெளியே போனார்கள். இவர் வண்டி மட்டும் ஒரு பந்தயத்திலும் நிற்கவில்லை. இரண்டாவது, மூன்றாவது, இரண்டாவது என்று வந்துகொண்டே இருந்தார். ஒரு பந்தயத்திலும் ஜெயிக்காமல், புள்ளிகளில் பல் டாக்டருக்கு அடுத்தபடி வந்து நின்றார். கடைசிப் பந்தயத்தில் டாக்டருக்கு முன்னால் முடித்தால் வருஷத்துக்கான கப்பு எங்களுக்கு. பின்னால் முடித்தால் இல்லை. பச்சைக் குழந்தைக்கும் விளங்குகிற கணக்கு.

எனக்குத் தூக்கம் போய்விட்டது. வண்டியில் செய்ய ஒன்றும் இல்லை. ஆளைத்தான் சரிசெய்ய வேண்டும். எஸ்டேட்டில் காப்பி காய வைக்கும் சிமெண்டுக் களம் அப்போது காலியாகக் கிடந்தது. சுண்ணாம்புப் பொடியால் ஒரு கொண்டை ஊசி வளைவு போட்டேன். அவருக்கு ஒரு மொபெட், எனக்கு ஒரு மொபெட். நான் பின்னாலிருந்து உள்பக்கம் நுழைவேன், அவர் மூட வேண்டும். முதல் தடவை இடம் விட்டார். இரண்டாம் தடவையும் விட்டார். களத்து ஓரத்தில் வேலைக்கு வந்த பெண்கள் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்கள். "ஏனுங்க மெக்கானிக்கு, அவரு எங்கள ஏத்திட்டுப் போறப்பவே கோழிக்கெல்லாம் நிப்பாரு, உங்களுக்கு நிக்க மாட்டாருங்களா?" என்று ஒரு அம்மா கேட்டார்.

பத்து நாள் சாயங்காலம் சாயங்காலமாக இது நடந்தது. பதினோராவது நாள் நான் மொபெட்டைக் கீழே போட்டுவிட்டுக் களத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். கோபம் தீர்ந்து அழுகை வருகிற நிலைமை. அவர் வந்து பக்கத்தில் குந்தினார்.

"கோவிச்சுக்காதீங்க ஓனரு. எனக்கு வரமாட்டேங்குதுங்க."

அப்போது என் வாயில் அது வந்தது. யோசித்துச் சொன்னதா, தானாக வந்ததா என்று இத்தனை வருஷமாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

"ஏறி வாரவன் பாவம்னு சொல்வீங்களே. நானுந்தாங்க ஏறி வாரேன். எத்தன வருசமா ஏறிட்டு இருக்கேன்! வாரவன் போறவனுக்கெல்லாம் வழி விட்டு என்னைய நடுவுல நிறுத்தறீங்களே, நான் மறுக்கா எப்படிங்க கெளம்புவேன்?"

அவர் எழுந்து மொபெட்டை எடுத்தார். நான் பின்னால் போனேன், உள்பக்கம் நுழைந்தேன். அவர் மூடினார். நான் அப்படியே சறுக்கி விழுந்ததில் முழங்கால் தோல் உரிந்துபோனது. ரத்தம் வழிய வழிய எழுந்து குதித்தேன். "இதான்! இதேதான்!" என்று கத்தினேன். அவர் மொபெட்டிலேயே உட்கார்ந்திருந்தார். ஓடி வந்து தூக்கவில்லை. அவர் அப்படி உட்கார்ந்திருந்து நான் பார்த்தது அதுவே முதல் தடவை. எனக்கு அது அன்று உறைக்கவில்லை.

கடைசிப் பந்தயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முதலிலிருந்து அவர்தான் முன்னால். பல் டாக்டர் ஆறு தடவை நுழையப் பார்த்தார், ஆறு தடவையும் வாசல் சாத்தியிருந்தது. கை ஒரு தடவைகூட மேலே வரவில்லை. கடைசிச் சுற்றில் கடைசி வளைவில் டாக்டர் முழு மூச்சாக உள்ளே வந்தார், இவர் மூடினார், சிவப்புக் கார் புல்லில் இறங்கிச் சுற்றி நின்றது. விதிப்படி எந்தத் தப்பும் இல்லை. டாக்டருக்கும் ஒரு கீறல் இல்லை. வந்து கை கொடுத்து, "இன்னிக்குத்தாங்க நீங்க ரேஸ் ஓட்டினீங்க" என்றார். நான் அழுதேன். இவர் செருப்பை மாட்டிக்கொண்டு, கப்பை என்னிடம் கொடுத்துவிட்டு, வண்டியைக் கட்டக் கயிறு எடுக்கப் போனார்.

எங்கள் வகுப்பில் கப்பை வெறுமையாகத்தான் கொடுப்பார்கள். பெயரை நாமே பொறித்துக்கொள்ள வேண்டும். அமெச்சூர் அல்லவா! நாலு நாள் கழித்து அவர் காப்பி மூட்டை ஏற்றிக்கொண்டு குப்பனூர் வழியாகச் சேலம் கிளம்பினார். நானும் கப்பைச் செய்தித்தாளில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் ஏறினேன். அவர் பெயரை மேலேயும் என் ஷாப் பெயரைக் கீழேயும் பொறிப்பதாக ஏற்பாடு. வழி முழுக்க நான்தான் பேசிக்கொண்டு வந்தேன்.

வெள்ளக்கடை தாண்டிச் சில வளைவுகள். கீழேயிருந்து ஒரு மொபெட் ஏறி வந்தது. புருஷன் ஓட்டுகிறார், பின்னால் மனைவி, மடியில் தவிட்டு மூட்டை. எனக்குத் தூரத்திலேயே தெரிந்தது. சரி, இனி நிற்பார், "வாங்க, வாங்க" என்பார் என்று நினைத்து இருக்கையில் சாய்ந்தேன். அவர் நிற்கவில்லை. வேகம் குறையவில்லை. வளைவின் உள்பக்கத்தைப் பிடித்து அப்படியே மூடினார். அரை நொடி எனக்கு அது அழகாகவே பட்டது. என்ன மனுஷன் நான்!

மொபெட் சாக்கடைப் பக்கம் சரிந்தது. அந்த அம்மா கல்கட்டின் மேல் விழுந்தார். இவர் பிரேக் போட்டு நிறுத்தியதில் கப்பு என் மடியிலிருந்து எகிறிக் காலடியில் உருண்டது. இவர் கதவைத் திறந்து அந்த அம்மாவிடம் ஓடினார். நான் குனிந்தேன். கப்பை எடுத்தேன். விளிம்பு நசுங்கியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தேன். நிமிர்ந்தபோது அவர் அந்த அம்மாவைத் தாங்கிப் பிடித்தபடி கண்ணாடி வழியாக என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஓனரு, அந்தக் கால் பக்கம் புடிக்கோணும். வாங்க" என்றார். குரலில் கோபம் இல்லை.

அந்த அம்மாவுக்கு மணிக்கட்டு முறிந்திருந்தது. வேனைத் திருப்பி மேலே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மாவுக்கட்டுப் போடும்வரை வராந்தாவில் நின்றோம். அந்தப் புருஷன் இவருக்கு வருஷக்கணக்காகத் தெரிந்தவர். சத்தம் போடவில்லை. போட்டிருக்கலாம்.

"உங்க வண்டின்னு தெரிஞ்சுதுங்க. நீங்கன்னா நிப்பீங்கன்னுதான் நான் ஆரன்கூட அடிக்காம வந்தேன்" என்றார்.

இவர் தலையைக் குனிந்துகொண்டார். அந்தக் குடும்பத்துக்கு மூன்று மாதம் விறகு, தண்ணீர், மாட்டுத் தீனி எல்லாம் அவர்தான் கொண்டுபோய்ப் போட்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

மறுவாரம் ஷாப்புக்கு வந்தார். பந்தய ஷூ, கையுறை, ஹெல்மெட் எல்லாவற்றையும் துடைத்து ஒரு பையில் போட்டுக் கொண்டுவந்திருந்தார்.

"ஆகாதுங்க ஓனரு."

எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. ஒரு மணி நேரம் கத்தினேன். அடுத்த வருஷம் மேல் வகுப்புக்குப் போகலாம், பெரிய டீம்காரர்கள் பார்க்கிறார்கள், ஒரு விபத்துக்காக இப்படியா என்றேன். ரோடு வேற, டிராக் வேற, இதுகூடத் தெரியாதா என்றேன்.

"ரெண்டுக்கும் கை ஒண்ணுதானுங்களே" என்றார்.

கிளம்பும்போது கப்பைக் காட்டி, பெயராவது பொறித்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். "வேண்டாமுங்க. நீங்க ஏறோணும்னு கேட்டீங்க, ஏறிட்டீங்க. நல்லா இருங்க" என்று கும்பிட்டுவிட்டுப் போனார். எஸ்டேட் வண்டிகள் அதற்குப் பிறகும் சர்வீசுக்கு வந்தன. வேறு டிரைவர்தான் கொண்டுவந்தார்.

நான் இரண்டு வருஷம் வேறு ஆட்களை வைத்து ஓட்டிப் பார்த்தேன். எல்லாரும் நன்றாக மூடினார்கள், எவரும் ஜெயிக்கவில்லை. அதற்குள் வகுப்பே மாறிவிட்டது. பணக்கார அப்பாக்கள் பஸ் நிறைய இன்ஜினியர்களோடு வந்தார்கள். அமெச்சூர் என்ற சொல்லை எடுத்துவிட்டு வேறு பெயர் வைத்தார்கள், பிறகு அதுவும் நின்றது. கப்பு என் மேசையில்தான் இருக்கிறது. பார்க்கிறவர்கள் யார் ஜெயித்தது என்று கேட்பார்கள். எங்கள் வண்டி என்பேன். மேற்கொண்டு கேட்டால் எரிந்து விழுவேன். ஸ்டெல்லா அதைத் துடைப்பதில்லை.

போன மாதம் சேலத்திலிருந்து உதிரி பாகங்கள் ஏற்றிக்கொண்டு குப்பனூர் வழியாக ஏறி வந்துகொண்டிருந்தேன். இறங்குகிறவர்கள் ஒருவரும் நிற்கவில்லை, நாலு இடத்தில் நான்தான் வண்டியை நிறுத்தி, கிளட்ச் நாற, மறுபடி கிளப்பினேன். ஒரு வளைவு திரும்பியதும் மேலே ஒரு பிக்கப் ஓரம் கட்டி நின்றிருந்தது. புது வண்டி. உள்ளே இருந்தவருக்குத் தலை நன்றாக நரைத்துவிட்டது. ஆனால் அவர்தான்.

நான் யார் என்று அவருக்கும் தெரிந்திருக்கும். என் ஷாப் பெயர் வண்டியின் நெற்றியிலேயே இருக்கிறது. நின்று பேச வேண்டும் என்றுதான் நினைத்தேன். எனக்குப் பின்னால் ஒரு பஸ். நடுவில் நிற்க முடியாது. அவர் பார்த்தார். முகத்தில் கோபமும் இல்லை, விசேஷமான சந்தோஷமும் இல்லை. மொபெட்காரருக்கு, பஸ்காரருக்கு, விறகு வண்டிக்காரருக்கு எப்படிக் காத்திருப்பாரோ அப்படியே எனக்கும் காத்திருந்தார்.

ஒரே ஒரு தடவை எனக்கு வழி விடாமல் மறித்து நின்றிருந்தால், இறங்கி வந்து நாலு வார்த்தை திட்டியிருந்தால், என் மனசு ஆறியிருக்கும். மனுஷன் அதைச் செய்யவில்லை. தாராளமாக இடம் விட்டிருந்தார். நான் நிற்காமல் ஏறிப் போனேன்.